பேசாத வாசல்: கொங்கு நாட்டு வேலையிடங்களும் உரிமத் துப்பாக்கியும்

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சில கிளைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



வேலையிடப் பாதுகாப்பு என்றால் நம் ஊரில் பஞ்சுத் தூசி, ஃபவுண்டரி வெப்பம், வேலியில்லாத பெல்ட், பாய்லர் என்று பேச்சு போகும். அவையெல்லாம் பேசித் தீராதவைதான். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது யாரும் பேசாத ஒரு பொருளை. அரசு உரிமம் கொடுத்த கைத்துப்பாக்கி, சட்டைக்குள்ளோ கைப்பையிலோ மறைந்து, ஒரு கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே வரலாமா? வரக்கூடாது என்றால் அதை யார் எழுதுவது, எங்கே எழுதுவது, யாருக்காக எழுதுவது?

தலைப்பு வெளியானதும் நண்பர்கள் சிலர், "இது அமெரிக்காக்காரர்களின் கவலை அல்லவா?" என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உள்துறை அமைச்சகம் 2016 இறுதி நிலவரமாக வெளியிட்ட கணக்கில், நாடு முழுவதும் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் ஏறக்குறைய 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டுக்குச் சுமார் 22,500. நம் மாநிலம் இந்த விஷயத்தில் அமைதியான மாநிலம். அமைதியாக இருக்கும்போதே விதியை எழுதிவிட வேண்டும் என்பதால்தான் இன்று பேசுகிறேன். ஒரு கம்பெனிக்குள் துப்பாக்கி வெடித்த மறுநாள் எழுதப்படும் விதியில் நிதானம் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் "துப்பாக்கியுடன் நுழையாதீர்" என்ற பலகை பெரும்பாலும் முதலாளி தொழிலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் இடும் கட்டளை. கொங்கு நாட்டில் துப்பாக்கி உரிமம் முதலாளியின் பக்கமே இருக்கிறது. ஆகவே இங்கே அந்தப் பலகை, முதலாளி தன் தொழிலாளிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியாக இருக்க வேண்டும். அது இல்லாத வரை நம் வேலையிடங்களின் வாசல் இந்த விஷயத்தில் வாய் திறக்காத வாசல்தான்.

1. உரிமத்திலேயே எழுதியிருக்கும் தடை

நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டுவிட்டார். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878இல் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானத்தைத் தேசிய இயக்கம் மறக்கவில்லை. 1931 கராச்சி காங்கிரஸ் வழிவந்த அடிப்படை உரிமைகள் பட்டியலில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்குத் தந்தது, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. உரிமையின் உள்ளேயே "ஆயுதமின்றி" என்ற நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு, உரிமமில்லாத துப்பாக்கிகள் பெருகுவதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தபோது, அமெரிக்காவைப் போல் இங்கே ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை கிடையாது என்பதை மீண்டும் நினைவூட்டியது.

இன்று நடப்பில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது; கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டாண்டு வரை சிறை என்றது. 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டக் கூடாது.

நம் பேச்சுக்கு முக்கியமானது இவையெல்லாம் அல்ல. உரிமப் படிவத்தின் பின்பகுதியில் அச்சாகி வரும் நிபந்தனைகளில் ஒன்றுதான். உரிமதாரர் தமது ஆயுதத்தை, எந்த நோக்கத்துக்கு உரிமம் பெற்றாரோ அந்த நோக்கத்துக்காக நல்லெண்ணத்துடன் மட்டுமே கொண்டுசெல்லலாம். மாவட்ட நிர்வாக நடுவரின் தனி அனுமதி இல்லாமல், திருவிழாவுக்கோ மத ஊர்வலத்துக்கோ வேறு பொதுக் கூட்டத்துக்கோ கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளோ கொண்டுசெல்லக் கூடாது. மீறினால் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; அதோடு உரிமமும் போகலாம்.

இதன் பொருளை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கோனியம்மன் தேரோட்டத்துக்கு இடுப்பில் ரிவால்வருடன் வருபவரைத் தடுக்க ராஜவீதியில் யாரும் பலகை வைக்க வேண்டியதில்லை. மருதமலைத் தைப்பூசத்துக்கும் வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழக வாசலிலும் வேண்டாம். அந்த இடங்களுக்கான பலகை அவர் சட்டைப்பையில் இருக்கும் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. நீதிமன்ற வளாகத்துக்குள் உரிமத் துப்பாக்கியோடு வந்த வழக்கறிஞர் ஒருவரின் உரிமம் ரத்தானபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ரத்தில் தலையிட மறுத்தது.

ஆனால் அந்த நிபந்தனைப் பட்டியலில் ஆலை இல்லை. பட்டறை, பனியன் கம்பெனி, மஞ்சள் மண்டி, நகைக்கடை, நிதி நிறுவனம் எதுவும் இல்லை. ஆயிரம் பேர் ஷிப்ட் மாறும் ஒரு நூற்பாலையின் முற்றம் பொதுக் கூட்டம் ஆகுமா? ஆகாது என்றே ஒரு வழக்கறிஞர் வாதிடுவார். அது தனியார் இடம் என்பார். ஆக, ஊரில் மனிதர்கள் மிக அதிக நேரம் கூடியிருக்கும் இடத்தைப் பற்றி உரிமம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு இடத்துக்கு உரியவரிடம் வந்து சேர்கிறது.

2. டெக்சாஸின் ஓர் அங்குல எழுத்து

இந்தப் பொறுப்பை உலகிலேயே மிக நுணுக்கமாகச் சட்டமாக்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அதன் கதை ஒரு கொடுமையில் தொடங்குகிறது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் லூபீஸ் என்ற உணவகத்துக்குள் வண்டியை மோதி நுழைந்தவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட வந்திருந்த சுசானா ஹப், தம் கைத்துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மறைத்து எடுத்துவருவது அன்றைய சட்டப்படி குற்றம். அவருடைய தாயும் தந்தையும் அங்கேயே இறந்தார்கள். பிறகு அவர் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்காக ஓயாமல் வாதாடினார். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது 1995இல் சட்டம் நிறைவேறி, 1996 முதல் உரிமம் வழங்கப்பட்டது. பின்னர் அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். அந்தப் பெண்ணின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய துயரத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

உரிமம் வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: கடைக்காரர் வேண்டாம் என்றால்? அதற்காக வந்ததுதான் அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30.06 என்ற பிரிவு. பலகையில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டிலும் இருக்க வேண்டும். எழுத்தும் பின்னணியும் வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரம். பொதுமக்கள் கண்ணில் தெளிவாகப் படும் இடத்தில் வைக்க வேண்டும். 2016இல் துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளவும் அனுமதி வந்தபோது, அதற்கென 30.07 என்று இன்னொரு பலகை சேர்ந்தது. பலகையைப் பார்த்தும் நுழைந்தால் சிறு அபராதம். வாய்மொழியாகச் சொன்ன பிறகும் வெளியேற மறுத்தால் தண்டனை கூடும்.

அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். அங்கே பலகை இல்லாத வாசல் "வரலாம்" என்று சொல்கிறது. பலகையின் எழுத்து முக்கால் அங்குலமாகிப் போனால் அந்தத் தடையே செல்லாது என்று வாதம் எழும். இதற்கு நேர்மாறாக ஹவாய் மாநிலம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது: உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, அவருடைய இடத்துக்குள் துப்பாக்கி வரக்கூடாது. பலகை இல்லாத வாசல் அந்தச் சட்டப்படி "வராதே" என்றது. அதை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு வாசல் மௌனமாக இருந்தால் அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதே அங்கே நடக்கும் சண்டை.

வேலையிடம் என்று வரும்போது சண்டை வண்டி நிறுத்தும் இடத்துக்கு நகர்கிறது. ஒக்லஹோமாவில் ஒரு காகித ஆலை, நிறுத்தியிருந்த கார்களில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை 2002இல் வேலையைவிட்டு நீக்கியது. அதையொட்டி, பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸும் 2011இல் அதே வழிக்கு வந்தது. கட்டடத்துக்குள் முதலாளியின் பேச்சு செல்லும். காருக்குள் தொழிலாளியின் பேச்சு செல்லும். அங்கே துப்பாக்கி தொழிலாளியின் கையில் இருப்பதால் விவாதம் இப்படி நடக்கிறது.

3. நம் பக்கம் துப்பாக்கி யாரிடம்

நம் ஊருக்கு வருவோம். கோவை மாநகருக்குள் காவல் ஆணையரும், வெளியே மாவட்ட ஆட்சியரும் உரிமம் கொடுக்கிறார்கள். உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று விளக்க வேண்டும். காவல் துறை விசாரிக்கும். பயிற்சி பெற்ற சான்று வேண்டும். கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் ஒன்றுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு தையல் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் அடங்கிவிடும். இத்தனை வாசல்களையும் தாண்டி உரிமம் பெறுபவர் யார்? சொத்தும், பணப்புழக்கமும், அலுவலகங்களில் பேசத் தெரிந்த பழக்கமும் உள்ளவர். ஆலை முதலாளி, நகை வியாபாரி, நிதி நிறுவனக்காரர், நிலம் வாங்கி விற்பவர், அரசியலில் இருப்பவர். அடுத்த வகை, மலையடிவாரத்துத் தோட்டக்காரர். காட்டுப்பன்றிக்காகவும் யானைப் பயத்தாலும் பழைய நீளத் துப்பாக்கி வைத்திருப்பவர். பயிர்க் காவலுக்கு அந்த வகைத் துப்பாக்கி கொடுக்கலாம் என்று 1959 சட்டமே சொல்கிறது. மூன்றாவது, வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவ வீரர்.

தறி ஓட்டுகிறவர், மோல்டிங் போடுகிறவர், சிங்கர் மெஷினில் கை வைத்திருக்கும் பெண் ஆகியோரிடம் உரிமத் துப்பாக்கி இல்லை.

ஆகவே நம் வேலையிடத்தில் மறைத்து வைக்கப்படும் துப்பாக்கி, முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அல்லது அவர் வேட்டி மடிப்பில், காரின் முன்பெட்டியில். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் அறையில் அந்த இழுப்பறை இருக்கிறது. போனஸ் கேட்டு நால்வர் உள்ளே போகும்போது அது இருப்பது அவர்களுக்குத் தெரியும். அவர் அதை எடுக்கவே வேண்டாம். இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினாலே போதும், பேச்சின் திசை மாறிவிடும். சட்டப்படி இதில் மிரட்டல் எதுவும் நிரூபணமாகாது. எனக்கு இந்த விஷயத்தில் உள்ள கவலை முழுவதும் இந்த அறையைப் பற்றித்தான்.

இந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு நினைவும் இருக்கிறது. கோவைத் தொழிலாளர் வரலாற்றில் துப்பாக்கி எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்தே வந்தது. 1946இல் ஸ்டேன்ஸ் மில் போராட்டத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் குண்டுக்குப் பலியானார்கள்; இன்றும் அங்கே நினைவுநாள் கடைப்பிடிக்கிறார்கள். அவை அரசின் துப்பாக்கிகள். உரிமத் துப்பாக்கிகள் அல்ல. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் மனிதர் இவற்றையெல்லாம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

4. என்ன எழுத வேண்டும், எங்கே

சட்டம் என்ன ஆதரவு தருகிறது என்று பார்ப்போம். வேலையிட வாசலில் எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சட்டச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் முதன்மை வாயிலருகே ஒட்டச் சொன்னது; சுத்தமாகவும் படிக்கும்படியும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டமும், கம்பெனியின் நடத்தை விதிகளை இதே போல் இரு மொழியில் வாசலில் வைக்கச் சொன்னது. டெக்சாஸ் பலகைக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் சட்டம் பலகையைப் பற்றியும் அதன் மொழியைப் பற்றியும் யோசித்திருக்கிறது. தொழிலாளர் சட்டத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமிதம் உண்டு.

அந்த நிலையாணைகள்தான் இந்தத் தடையை எழுதுவதற்கு இயல்பான இடம். வெறும் பலகைக்கு நம் சட்டத்தில் பல் குறைவு. பலகையைத் தாண்டி ஒருவர் துப்பாக்கியோடு வந்துவிட்டால், அதுவே அத்துமீறல் குற்றம் ஆகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருந்ததா என்று பார்க்கும். நிலையாணையில் எழுதியிருந்தால் ஊழியரைப் பொறுத்தவரை அது ஒழுங்கீனமாகிவிடும். ஆனால் இங்கேதான் கொங்கு நாட்டுக்கே உரிய சிக்கல் வருகிறது. பழைய சட்டம் நூறு பேர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை முந்நூறாக உயர்த்திவிட்டது. நம் பகுதியின் உயிர்நாடி என்ன? குறிச்சி சிட்கோவின் சிறு பட்டறைகள், கணபதியின் ஃபவுண்டரிகள், திருப்பூரின் ஜாப் ஒர்க் கம்பெனிகள், சோமனூர், பல்லடம் தறிக்குடோன்கள். இருபது பேர், நாற்பது பேர், எண்பது பேர். இவை எதற்கும் நிலையாணை கட்டாயமில்லை. ஆகவே இங்கே வாசல் பலகை ஒன்றுதான் எழுத்து. அதோடு வேலை நியமனக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். முதலாளியும் அதே வரிக்குக் கையெழுத்திட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

பலகையின் மொழியைப் பற்றி. திருப்பூரில் இன்று ஒரு லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒடியா, வங்காளி, இந்தி பேசுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுள் பலர், உரிமத் துப்பாக்கி சகஜமாகத் திரியும் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். முதலாளி இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பது அவர்களுக்கு எதைச் சொல்லும் என்பது நமக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது.

பலகையில் எல்லா ஆயுதங்களையும் சேர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கும் கம்பியும், காங்கேயம் கொப்பரைக் களத்து அரிவாளும் வேலைக் கருவிகள். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஆன கருவிகளை ஆயுதச் சட்டமே ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. பலகை துப்பாக்கியைப் பற்றி மட்டும் தெளிவாகப் பேசட்டும். பலவற்றைச் சேர்த்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

விலக்கு யாருக்கு? காவலருக்கு மட்டும். வங்கியின் பெயரில் உள்ள உரிமத் துப்பாக்கியோடு நிற்கும் காவலர், பணவண்டிக் காவலர் ஆகியோரைத் தடுக்க முடியாது. ஆனால் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரை அவருடைய சொந்தத் துப்பாக்கிக்காகவே வேலைக்கு வைக்கும் வழக்கம் நம் கம்பெனிகளில் உண்டு. அவருக்கு உரிமம் எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று வேலைக்கு வைக்கும் நாளிலேயே பார்க்க வேண்டும். தற்காப்புக்குப் பெற்றதைக் கூலிக்காவலுக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தால், பிரச்சினை வரும் நாளில் அகப்படுபவர் அந்த முதியவர்தான், கம்பெனி அல்ல.

5. தங்கம் கொண்டு போகிறவரின் கேள்வி

இந்த அரங்கில் நகைத் தொழிலில் இருப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேள்வியை நான் ஒதுக்க முடியாது. கோவை, இந்தியாவின் முக்கியமான நகை உற்பத்தி மையங்களில் ஒன்று. இங்கிருந்து கேரளத்துக்கும் அங்கிருந்து இங்கும் தங்கமும் ரொக்கமும் போய்வருகின்றன. க.க. சாவடி, எட்டிமடை, வாளையாறு வழியில் வண்டியை மறித்துக் கொள்ளையடித்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். "என் பட்டறையில் மூன்று கிலோ தங்கம் இருக்கிறது. திருடன் உங்கள் பலகையைப் படித்துவிட்டா வருவான்?" என்று ஒருவர் கேட்டால், சுசானா ஹப் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

என் பதில் இது. சாலையில் அவர் தம் உரிமத்தின்படி துப்பாக்கி வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. சட்டம் அதற்குத்தான் கொடுத்தது. பட்டறைக்குள் கேள்வி வேறு. அங்கே ஆபத்தைத் தடுப்பது பெட்டகம், இரட்டைக் கதவு, கேமரா, எச்சரிக்கை மணி, பயிற்சி பெற்ற காவலர். நெருக்கமான பட்டறையில், பன்னிரண்டு ஆசாரிகள் தீயும் ஆசிட்டுமாக உட்கார்ந்திருக்கும் அறையில், பயிற்சி மங்கிப்போன ஒருவர் பதற்றத்தில் சுடும் குண்டு எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். உரிமம் வாங்கும்போது ஒரு தடவை பயிற்சி. பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிப்பு. நெருக்கடியில் சரியாகச் சுடுவதற்கு இது போதாது.

"துப்பாக்கி இல்லாமல் ஒரு நாளும் தொழில் ஓடாது" என்று சொல்பவர்களுக்கு, நம் கண்முன் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகின்றன. 2024இல் மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஜூன் 4 அன்றுதான் வாக்கு எண்ணிக்கை. ஏறத்தாழ மூன்று மாத காலம் வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் வீரர் போன்ற விலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களின் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் இருந்தன. நகைக்கடைகள் திறந்திருந்தன, நிதி நிறுவனங்கள் வட்டி வசூலித்தன, ஆலைகள் சம்பளம் கொடுத்தன. எல்லோரிடமிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு பறிக்கக் கூடாது, தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு சொன்னது சரியான வாதம். அதிலும் தோட்டக்காரரின் முறையீடு நியாயமானது: தேர்தல் என்று பன்றி நிற்பதில்லை. ஆனால் அவர் துப்பாக்கி வைத்திருந்தாலும் பன்றியைச் சுட அவருக்கு உரிமை இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்றுதான் ஆணையிட்டது. விரட்டுவதற்கும் சத்தத்துக்கும்தான் அவருக்கு அது தேவை. நகர வேலையிடங்களைப் பொறுத்தவரை அந்த மூன்று மாதம் ஒரு சோதனைக்காலம் போல அமைந்தது. துப்பாக்கி இல்லாமல் அவை ஓடின.

6. தறிக்குடோனும் வீடும்

கடைசியாக, எனக்கே இன்னும் முழுத் தெளிவு கிடைக்காத இடத்துக்கு வருகிறேன். இதுவரை கேட் என்றும் வாசல் என்றும் பேசினேன். சோமனூர்ப் பக்கம் போனால் கேட் எங்கே இருக்கிறது? வீட்டுக் கூடத்துக்குப் பின்கதவு. பின்கதவைத் திறந்தால் பதினாறு தறி. தறி ஓட்டுகிறவர் குடிதண்ணீருக்கு வீட்டுக்குள் வருகிறார். அவருடைய குழந்தை திண்ணையில் படிக்கிறது. தோட்டத்துச் சாளையிலும் இப்படித்தான்: முதலாளி தூங்கும் அறைக்கு இருபது அடியில் ஆள்காரக் குடும்பம் குடியிருக்கிறது. பல்லடத்துக் கோழிப்பண்ணைகளிலும் இதே அமைப்பு. வீட்டில் தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியைச் சட்டம் தடுக்கவில்லை. நானும் தடுக்கச் சொல்லவில்லை. அதே வீடுதான் வேலையிடமும் என்னும்போது, டெக்சாஸ் பலகையும் உதவாது, நிலையாணையும் உதவாது.

இங்கே என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். துப்பாக்கியைப் பூட்டிப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு ஏற்கெனவே உரிமதாரருடையது. ஆகவே இரும்புப் பெட்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெட்டி தறிக்குடோனுக்குத் திறக்கும் அறையில் இருக்கக் கூடாது. தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும். வேலை ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கு முடிக்கும் இடம், அந்தப் பெட்டி இருக்கும் அறையாக இருக்கக் கூடாது. உரிமம் புதுப்பிக்க மனுப் போடும்போது, அதே கட்டடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்க்கும்படி உள்துறை அமைச்சகத்துக்கு எழுதலாம், எழுத வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் உள்ள தொழில் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கையெழுத்திட்டால் அதற்கு எடை இருக்கும். அந்த மனுவின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. திருத்தம் தோன்றினால் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.